லேட்டன் தாள்களை எந்தத் தேதியிலிருந்து படிப்பது?

வாசகர் கேள்வி, 3 ஜூன்

உளவு அதிகாரிகள் ஓய்வுபெற்ற பிறகு ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும் காகிதங்களை வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அமெரிக்கக் கடற்படையின் எட்வின் லேட்டனைப் பாருங்கள். 1941-இல் ஜப்பான் தாக்கிய ஹவாய்த் தளமான பேர்ல் ஹார்பரில் கோட்டைவிட்டவர். ஆறு மாதம் கழித்து மிட்வே தீவுக் கடற்போரில் எதிரி வருவதைத் துல்லியமாகக் கணித்தார் என்று பெயர் வாங்கினார். போர் முடிந்தபின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தன் பக்கத்து நியாயத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். இது தற்காப்பு வாக்குமூலம்தானே?

3 ஜூன், இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

லேட்டன் 1940 டிசம்பரில் பசிபிக் கடற்படையின் உளவு அதிகாரியாகப் பொறுப்பேற்றார். தளபதி கிம்மலின் கீழ் ஏறத்தாழப் பத்து மாதம். கிம்மல் நீக்கப்பட்ட பிறகு நிமிட்ஸின் கீழ் போர் முடியும் வரை. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணடைந்தபோதும் அங்கே நின்றார். 1959-இல் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றார். 1984-இல் இறந்தார். அவருடைய தாள்கள் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட்டில் உள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் இருக்கின்றன.

‘தாள்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. போர் நடந்தபோது அன்றன்று எழுதியது ஒரு வகை. பேர்ல் ஹார்பர் விசாரணைகளில் சத்தியம் செய்து சொன்னது இன்னொரு வகை. 1970-இல் கடற்படைக் கழகத்தின் வாய்மொழி வரலாற்றுக்காக உட்கார்ந்து பேசியது மூன்றாவது. கடைசிக் காலத்தில் நூலுக்காகத் திரட்டியது நான்காவது. நால்வகையிலும் கையெழுத்து ஒன்றுதான். ஆனால் எழுதிய மனிதர் ஒருவரே அல்லர்.

ஓர் உதாரணம். 1941 டிசம்பர் 2. ஜப்பானியக் கப்பல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று லேட்டன் ஒரு பட்டியல் எடுத்துவந்து கிம்மலிடம் கொடுக்கிறார். அதில் முதலாம், இரண்டாம் விமானந்தாங்கிப் பிரிவுகளுக்கு இடம் குறிக்கப்படவில்லை. எங்கே என்று கிம்மல் கேட்கிறார். ஜப்பானின் சொந்தக் கடலில் இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் தெரியாது என்கிறார் லேட்டன். அப்படியானால் அவை இந்த நிமிடம் டைமண்ட் ஹெட் முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாலும் உமக்குத் தெரியாதா என்று கிம்மல் சினந்து கேட்டார். அதற்குள் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்று நம்புகிறேன் என்றார் லேட்டன்.

டைமண்ட் ஹெட் என்பது ஹோனலுலுக் கரையில் நிற்கும் பழைய எரிமலை. ஐந்து நாள் கழித்து என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவன் முதலில் கிழித்துப்போட வேண்டிய தாள் அந்தப் பட்டியல். அது கிழிபடவில்லை. விசாரணைகளில் எல்லார் முன்னும் வைத்துப் பேசப்பட்டது. உங்கள் ‘தற்காப்பு’ என்ற சொல்லை இதனால்தான் முழுதாக ஏற்க முடியவில்லை.

4 ஜூன்

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. ‘தெரியாது’ என்றால் சோம்பலால் தெரியாமல் போனது அன்று. ஜப்பானியர் நவம்பர் 1 அன்று தங்கள் கப்பல்களின் வானொலி அழைப்புக் குறிகளை மாற்றினார்கள். மறுபடியும் டிசம்பர் 1 அன்று மாற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டாம் முறை மாற்றுவது வழக்கமில்லை. ஏதோ பெரிதாக வருகிறது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம், ஊகித்தும் இருந்தார்கள். விமானந்தாங்கிகளோ வானொலியில் வாயே திறக்கவில்லை. இதற்கு முன்பும் சில தடவை அவை இப்படி அமைதியாக இருந்தது உண்டு; அப்போதெல்லாம் சொந்தத் துறைமுகத்தில்தான் இருந்தன. அந்தப் பழக்கம்தான் காலை வாரியது.

6 ஜூன், பின்மாலை

இந்தத் தாள்மீது எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு நீர்ப்பாசனக் கோட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். மழைக்காலத்தில் என் வேலை, காலையும் மாலையும் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. ஏரிக்கரையில் லஸ்கர் (ஏரியைக் கவனிக்கும் ஊழியர்) அளவுக்கல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் அரிசி ஆலைக்கு நடந்துபோய் அங்கிருந்து பேசுவார். அடி, அங்குலம், கலிங்கு வழிகிறதா இல்லையா. அவ்வளவுதான் செய்தி. நான் எழுதி, உதவிப் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

1993 நவம்பரில் ஒரு மாலை, பதினோரு ஏரிகளில் பத்துக்கு அளவு வந்துவிட்டது. ஒன்றிலிருந்து வரவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ‘தகவல் வரவில்லை’ என்று எழுதினேன். அதிகாரி கையெழுத்திட்டார். விடிவதற்குள் அந்த ஏரியின் கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, நெல் போயிற்று, ஆடுமாடு போயிற்று. லஸ்கர் இரவெல்லாம் கரையில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்ததால் அரிசி ஆலைக்குப் போக முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

விசாரணை வந்தது. பத்து எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றித்தான் மூன்று நாள் கேட்டார்கள்.

பட்டியலில் உள்ள வெற்றிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

9 ஜூன்

திருத்தம். முக்கியமான திருத்தம்.

3ஆம் தேதிக் குறிப்பில் கிம்மல் ‘சினந்து கேட்டார்’ என்று எழுதிவிட்டேன். நேற்று இரவு லேட்டனின் சாட்சியத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சொன்னது. அச்சிட்ட விசாரணைத் தொகுதிகள் முப்பத்தொன்பதில் பத்தாவதில் இருக்கிறது. அங்கே லேட்டன் சொல்வது வேறு. தளபதி சில சமயம் பார்ப்பதுபோல் அன்றும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஆனால் கண்ணில் ஒரு குறும்புடன் பார்த்தபடி அந்தக் கேள்வியைக் கேட்டாராம்.

கண்ணில் குறும்பு! என்னைப்போல் எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டு சொல்லைத்தான் உதிர்த்துவிடுகிறோம். நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி ஒரு தீர்க்கதரிசனம்போல் ஒலிக்கிறது; அதனால் கேட்டவர் முகத்தில் கோபத்தை நாமே வரைந்துவிடுகிறோம். அன்றைக்கு அது மேலதிகாரி தன் ஆளைச் சீண்டிப் பார்த்த பேச்சு. எங்கள் அலுவலகத்திலும், “அளவு வரலைன்னா ஏரி நடந்துபோயிடுச்சாய்யா” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

லேட்டன் அந்தக் குறும்பை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கிம்மல் கோபமாகக் கேட்டார் என்று சொல்லியிருந்தால் தளபதிக்கு நல்லது: பாருங்கள், அவர் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்று வாதாடியிருக்கலாம். லேட்டன் கிம்மல் பக்கம் நின்றவர், கடைசி வரை நின்றவர். ஆனாலும் கண்டதைச் சொன்னார்.

9 ஜூன், இரவு

இன்னும் ஒன்று தோன்றுகிறது. நான்கு ஆண்டு கழித்து, சத்தியம் செய்து, இத்தனை பேர் முன்னால், ஒரு கண்ணின் குறும்பை நினைவுகூர்கிறார் என்றால் அந்தக் காட்சி அவரைத் தூங்கவிட்டிருக்காது.

11 ஜூன்

அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குத் தாக்குதல் வருவது முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்ற வாதத்தை ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். இழையை அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பதில் கடன்.

ஜப்பானியக் கடற்படையின் முதன்மைச் சங்கேதமான ஜேஎன்-25, தாக்குதலுக்கு முன்பு பயன்படும் அளவுக்குப் படிக்கப்படவில்லை. ஹவாயில் இருந்த சங்கேதம் உடைக்கும் அதிகாரி ரோச்ஃபோர்ட்டின் குழு அப்போது அதில் வேலையே செய்யவில்லை. அட்மிரல்கள் பயன்படுத்திய வேறொரு சங்கேதத்தோடு மல்லுக்கட்டும்படி வாஷிங்டன் அவர்களை ஏவியிருந்தது. டிசம்பர் 7 முடிந்த பிறகுதான் ஜேஎன்-25 அவர்கள் மேசைக்கு வந்தது.

லேட்டனின் குற்றச்சாட்டு சதி அன்று, தகவல் தராமை. ஜப்பானின் தூதரகச் சங்கேதங்களை வாஷிங்டன் படித்துக்கொண்டிருந்தது. 1941 செப்டம்பர் 24 அன்று டோக்கியோ தன் ஹோனலுலுத் துணைத்தூதரகத்துக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது: பேர்ல் ஹார்பர் நீர்ப்பரப்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று எழுது. அக்டோபர் 9 அன்று அதன் மொழிபெயர்ப்பு வாஷிங்டனில் தயார். ஹவாயில் இருந்த கிம்மலுக்கு அது போகவில்லை. தன் கப்பல்கள் நிற்கும் இடத்தை எதிரி கட்டம் போட்டுக் கேட்கிறான் என்பதை அந்தக் கப்பல்களின் உளவு அதிகாரியே போர் வந்த பிறகுதான் அறிந்தார். இதைப் படித்தால் எனக்கே நெஞ்சு கொதிக்கிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்தக் கொதிப்புதான் அவருடைய பிற்காலத் தாள்களின் பலமும் பலவீனமும். வாஷிங்டனில் இருந்த சிலரை அவர் மன்னிக்கவே இல்லை. அவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது நான் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

12 ஜூன்

டிசம்பர் 6, சனிக்கிழமை. சயாம் (இன்றைய தாய்லாந்து) வளைகுடா நோக்கிப் போகும் ஜப்பானியத் துருப்புக் கப்பல்களைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொண்டு லேட்டன் கலிபோர்னியா போர்க்கப்பலுக்குப் போகிறார். அங்கே போர்க்கப்பல் படையின் தலைவரான அட்மிரல் வில்லியம் பையிடம் காட்ட வேண்டும். ஜப்பான் நம்மோடு போருக்கு வராது, நாம் அவ்வளவு பெரியவர்கள் என்பது பையின் கருத்து. மறுநாள் காலை அதே கலிபோர்னியா டார்பிடோக்கள் பட்டு, மூன்று நாளில் துறைமுகச் சேற்றில் உட்கார்ந்தது.

பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்தக் கப்பலின் வாத்தியக் குழுவினருக்குக் கப்பலும் இல்லை, வாத்தியமும் இல்லை. அவர்களை ரோச்ஃபோர்ட்டின் நிலவறைக்கு அனுப்பிவைத்தார்கள். சன்னல் இல்லாத, குளிரூட்டிய அடித்தளம், ரோச்ஃபோர்ட் குளிருக்காகச் சீருடைமேல் ஒரு சிவப்பு மேலங்கியும் காலில் வீட்டுச் செருப்புமாக உலவுவார். அங்கே ஐபிஎம் இயந்திரங்களுக்குத் துளையட்டை குத்தும் வேலை. எக்காளம் ஊதியவர்களும் முரசு அடித்தவர்களும் அதில் நன்றாகத் தேறினார்கள் என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒழுங்கான எண்வரிசையில் காது பழகியவர்கள் அல்லவா.

அந்தத் துருப்புக் கப்பல்களைப் பற்றி ஒரு சொல். அவை இறங்கியது மலாயாவின் கோத்தபாருவிலும் தெற்குச் சயாமிலும். பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே கோத்தபாருக் கரையில் சுடத் தொடங்கிவிட்டார்கள். என் பெரியப்பா அப்போது கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ‘ஜப்பான்காரன் வந்த வருஷம்’ என்றால் அதுதான் கணக்கு. ஹவாயை வைத்துப் போரைத் தொடங்குகிறவர்களுக்கு இது உறைப்பதில்லை.

15 ஜூன்

மிட்வேக்கு வருவோம். ‘துல்லியமாகக் கணித்தார் என்று பெயர் வாங்கினார்’ என்று முதல் கேள்வியில் இருக்கிறதே.

லேட்டன் சங்கேதம் உடைத்தவர் அல்லர். உடைத்துத் தருவதை வாங்கித் தளபதிக்குப் புரியும்படி சொன்னவர். உடைத்தது ரோச்ஃபோர்ட்டின் குழு. இருவரும் 1929-இல் ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோவுக்குக் கப்பலேறியபோது பழக்கமானவர்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். நிலவறையிலிருந்து லேட்டனின் மேசைக்குத் தனித் தொலைபேசி இருந்தது. ஒரு செய்தியில் பத்தில் ஒரு பங்கு படித்தாலே பெரிது என்ற நிலையில், மீதியை நம்பிக்கையால் அல்லாமல் வேறெதனால் நிரப்ப முடியும்? அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

தண்ணீர்க் கதை பலருக்கும் தெரியும். ஜப்பானியச் செய்திகளில் வரும் ‘ஏஎஃப்’ என்ற இடம் மிட்வேதானா என்று உறுதிசெய்ய ரோச்ஃபோர்ட் குழுவில் இருந்த ஜாஸ்பர் ஹோம்ஸ் ஒரு வழி சொன்னார். மிட்வேயில் குடிநீர் வடிப்பாலை பழுது என்று கடலடிக் கம்பி வழியாகச் சொல்லிவைத்து, மிட்வேயையே அதை வானொலியில் வெளிப்படையாக அனுப்பச் செய்தார்கள். விரைவிலேயே ஜப்பானியர், ஏஎஃப்-இல் தண்ணீர் இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மடக்கிவிட்டார்கள்.

1942 மே 27 அன்று நிமிட்ஸ், குறிப்பாகச் சொல் என்று லேட்டனை நெருக்குகிறார். ஜூன் 4 காலை, வடமேற்கிலிருந்து, 325 மைல் தொலைவில் காணப்படுவார்கள் என்கிறார் லேட்டன். ஜூன் 4 அன்று முதல் செய்தி வந்ததும், ஐந்து நிமிடம், ஐந்து டிகிரி, ஐந்து மைல்தான் தவறினீர் என்றாராம் நிமிட்ஸ்.

16 ஜூன், காலை

நேற்றுக் குழப்பிவிட்டேன். 325 என்பது திசை: 325 டிகிரி. தொலைவு 175 மைல், நேரம் காலை ஆறு மணி அளவில். மைல் கணக்கில் வரும் 325 வேறு. அமெரிக்க விமானந்தாங்கிகள் பதுங்கி நின்ற இடம் மிட்வேயின் வடகிழக்கே 325 மைலில் இருந்தது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இந்தக் குழப்பம் எனக்கு வேறொன்றைக் காட்டியது. இரண்டு 325-க்கும் சான்று ஒரே தரத்தில் இல்லை. கப்பல்களை எங்கே நிறுத்துவது என்பது போர் ஆணையைச் சேர்ந்தது. நடப்பதற்கு முன்னால் எழுதப்பட்டது. டிகிரியையும் அந்த ‘ஐந்து, ஐந்து, ஐந்து’ என்ற அழகான பாராட்டையும் நமக்குச் சொல்வது லேட்டனின் பிந்தைய நினைவு. பொய் என்று சொல்லவில்லை. நிமிட்ஸ் தன் மூன்று விமானந்தாங்கிகளையும் அந்தக் கணிப்பின்மேல் பந்தயம் வைத்தார் என்பதற்கு, அவை நின்ற இடமே சாட்சி. ஆனால் எண்கள் அவ்வளவு வட்டமாக, பாட்டுப்போல் அமைந்திருப்பது, பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆக முதல் கேள்வியாளருக்கு இந்த இடத்தில் ஒரு படி இறங்கி வருகிறேன்.

16 ஜூன், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

டிசம்பர் 2 பட்டியலில் இடம் குறிக்கப்படாத முதலாம், இரண்டாம் விமானந்தாங்கிப் பிரிவுகளில் என்னென்ன கப்பல்கள்? அகாகி, காகா. சோரியூ, ஹிரியூ.

1942 ஜூன் 4 அன்று மிட்வேக்கு வடமேற்கே அடிபட்டு, மறுநாளுக்குள் மூழ்கியவை எவை? அகாகி, காகா, சோரியூ, ஹிரியூ.

அதே நான்கு. பேர்ல் ஹார்பருக்கு வந்த ஆறில் மற்ற இரண்டான ஷொகாகுவும் ஜுய்காகுவும் மிட்வேக்கு வரவில்லை. எந்த நான்கைப் பற்றித் ‘தெரியாது’ என்று ஒரு தளபதியிடம் சொன்னாரோ, அதே நான்கைப் பற்றி ஆறு மாதம் கழித்து இன்னொரு தளபதியிடம் திசையும் மைலும் சொன்னார். இத்தனை ஆண்டு படித்தும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை நான்.

19 ஜூன்

நிமிட்ஸ் ஏன் இவரை வைத்துக்கொண்டார் என்ற கேள்விக்கு: கிம்மலின் ஆட்கள் எல்லாரையும் தூக்கிவிடுவார்கள் என்றுதான் அங்கே எதிர்பார்த்தார்கள். 1941 டிசம்பர் 31 அன்று ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் தளத்தில் பொறுப்பேற்ற நிமிட்ஸ், இருந்தவர்களை அப்படியே வைத்துக்கொண்டார். லேட்டன் கடலுக்குப் போகிறேன் என்று கேட்டும் விடவில்லை. ஜப்பானியத் தளபதியின் தலைக்குள் உட்கார்ந்து யோசி, அதுதான் உன் வேலை என்றார். தோற்ற இடத்தில் இருந்தவனுக்குத்தான் எங்கே ஓட்டை என்று தெரியும் என்பதை அறிந்த மேலதிகாரி. எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. உடைப்புக்குப் பிறகு என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், பதிவேட்டை யாரோ புதியவரிடம் கொடுத்தார்கள்.

22 ஜூன்

ஜப்பானின் கூட்டுக் கப்பற்படைத் தளபதி யமமோட்டோவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

லேட்டனுக்கு அவரை நேரில் தெரியும். 1930-களின் பிற்பகுதியில் டோக்கியோ தூதரகத்தில் துணைக் கடற்படை அலுவலராக இருந்தபோது, யமமோட்டோ கடற்படைத் துணை அமைச்சர். விருந்துகளில் சந்தித்திருக்கிறார்கள், சேர்ந்து சீட்டு விளையாடியிருக்கிறார்கள்.

1943 ஏப்ரல் 14 காலை. ஏப்ரல் 18 அன்று யமமோட்டோ ரபாவுலிலிருந்து பறந்து முன்னணித் தளங்களைப் பார்வையிடும் பயணத் திட்டம், மணிவாரியாக, உடைத்த செய்தியில் கிடைத்திருக்கிறது. லேட்டன் அதை நிமிட்ஸின் மேசையில் வைக்கிறார். நிமிட்ஸ் சுவர் வரைபடத்தைப் பார்க்கிறார். கேட்கிறார்: முயல்வோமா? இவரைவிட நல்ல ஆளை அவர்கள் அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட மாட்டார்களா? லேட்டன் ஜப்பானிய அட்மிரல்களை ஒவ்வொருவராக எடைபோட்டு, இவருக்கு நிகர் இல்லை, உங்களை இழந்தால் நமக்கு எப்படியோ அப்படி அவர்களுக்கு என்கிறார்.

தென் பசிபிக்கின் குவாடல்கனால் தீவிலிருந்து பறந்த அமெரிக்க பி-38 போர் விமானங்கள் ஏப்ரல் 18 அன்று போகன்வில் காட்டில் அவர் விமானத்தை வீழ்த்தின.

நேரில் பழகிய மனிதரை எடைபோட்டுச் சொல்வது ஒரு வேலை. நன்கு தெரிந்தவர் என்பதாலேயே அந்த எடை சரியாக இருந்தது. போரில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். கேட்பதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த அறையில், அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், சீட்டாட்ட மேசை ஒரு கணமாவது வந்து போயிருக்கும் என்றே நினைக்கிறேன். இதற்குத் தாள் சான்று எதுவும் காட்ட முடியாது. என் ஊகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

23 ஜூன்

ரோச்ஃபோர்ட்டுக்கு என்ன ஆயிற்று? மிட்வேக்காக நிமிட்ஸ் அவருக்கு உயர்ந்த பதக்கம் பரிந்துரைத்தார். வாஷிங்டன் மறுத்தது. 1942 அக்டோபரில் அவரை ஹவாயிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய மொழியும் சங்கேதமும் ஒருசேரத் தெரிந்த அந்த அபூர்வ மனிதரைக் கொண்டுபோய் ஒரு மிதக்கும் கப்பல்பட்டறையின் தலைவராக வைத்தார்கள்! 1976-இல் இறந்தார். பதக்கம் 1986-இல் கிடைத்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதிய ஹோம்ஸ் அதே ஆண்டு தொடக்கத்தில் இறந்துவிட்டார். லேட்டன் அதற்கும் முன்பே போய்விட்டார்.

தன் பக்க நியாயத்தை மட்டும் சேர்த்தவர் என்றால், லேட்டனின் பிற்கால எழுத்தில் ரோச்ஃபோர்ட்டுக்கு இவ்வளவு இடம் இருக்காது.

27 ஜூன்

நூலைப் பற்றிக் கேட்டீர்கள். 1970-களின் இறுதியில்தான் போர்க்காலச் சங்கேதச் செய்திகள் பெருமளவில் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் திறந்துவிடப்பட்டன. அதுவரை லேட்டன் வாய் கட்டப்பட்டிருந்தது. 1946 சாட்சியத்தில்கூட எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. கட்டு அவிழ்ந்தபோது அவருக்கு எழுபத்தைந்தை ஒட்டிய வயது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ரோஜர் பினோவும் ஜான் காஸ்டெல்லோவும் முடித்து, 1985-இல் அச்சில் வந்தது. எனவே அந்த நூலில் ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் லேட்டன்தானா, முடித்தவர்களின் கை எங்கே தொடங்குகிறது என்பதைத் தாள்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். நியூபோர்ட் பெட்டிகளின் அருமை அங்கேதான்.

கிம்மல் விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பதவித்தரத்தைத் திருப்பித் தரலாம் என்று 1999-இல் அமெரிக்க மேலவை 52-க்கு 47 என்று வாக்களித்தது. அடுத்தடுத்து வந்த குடியரசுத் தலைவர்கள் கையெழுத்திடவில்லை.

30 ஜூன், இரவு

6ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த மாலை நான் அதிகாரியிடம், “ஐயா, ஆள் அனுப்பிப் பார்த்துவிடலாமா” என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். இதை என் மனைவியிடம், பிள்ளைகளிடம், உடன் வேலை பார்த்தவர்களிடம் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அவர் மேசைமேல் இருந்த தேநீர்க் குவளை உட்பட நினைவிருக்கிறது.

ஓய்வுபெறும்போது அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிவைத்திருந்தேன். இந்த இழைக்காக அதை மறுபடி எடுத்தேன். பழுப்பேறிய நகல். பத்து எண்கள், ஒரு கோடு, ‘தகவல் வரவில்லை’, இரண்டு கையெழுத்து. விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலமும் அதோடு பின்குத்தியிருக்கிறது. உடைப்புக்கு ஒன்பதாம் நாள் எழுதியது. அதில் நான் ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அதிகாரிமேல் அப்போது எனக்கு எந்தத் தயவும் இல்லை. கேட்டிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டேன்.

கேட்டேனா, கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துக் கேட்டதாகவே ஆகிவிட்டதா? தெரியவில்லை. குவளை மட்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அந்த அதிகாரி இப்போது இல்லை. அவர் மகன் இதே ஊரில்தான் இருக்கிறார்.

1 ஜூலை

பத்தாம் தொகுதியை எங்கே படிக்கலாம் என்று கேட்டவருக்கு: முப்பத்தொன்பது தொகுதிகளும் வருடிய படங்களாக இணையத்தில் கிடைக்கின்றன. லேட்டன் சாட்சியத்தை முதலிலிருந்து படியுங்கள். டைமண்ட் ஹெட் வரிக்கு நேராகத் தாவ வேண்டாம். அதற்கு முன் பல பக்கங்களுக்கு அழைப்புக் குறி, அலைவரிசை, பட்டியல் என்று சலிப்பாகப் போகும். அந்தச் சலிப்போடு வந்து சேர்ந்தால்தான் கிம்மலின் கண்ணில் இருந்த குறும்பு தெரியும்.

நான் இன்று மாலை அந்த நகலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் மகன் வீட்டுக்குப் போகிறேன்.